பூவன் கேட்டா ரஸ்தாளி குடுக்கற ஊரு

எங்க ஊரு வண்ணாமடைக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கும் நடுவுல இருக்குதுங்க. ரேஷன் கார்டு கேரளா, சந்தை பொள்ளாச்சி, கல்யாணப் பத்திரிகை தமிழ்ல, கரண்ட் பில்லு மலையாளத்துல. போன மாசம் உடுமலைல இருந்து மாமா பையன் வந்திருந்தான், வீட்ல பூஜைக்கு வாழப்பழம் வேணும்னு அம்மா சொன்னதும் நான் போய்ட்டு வரேன்னு வண்டிய எடுத்துட்டுப் போனான், அரை மணி நேரம் கழிச்சு மூஞ்சிய தூக்கி வச்சுட்டு வந்தான். பூவன் ரெண்டு கிலோ கேட்டானாம், கடைக்கார சேச்சி ரஸ்தாளிய எடைபோட்டு வச்சுட்டு ரஸ்தாளி வெலையும் வாங்கிட்டாங்களாம். "இது பூவன் இல்லீங்க"ன்னு இவன் சொல்ல, "இது தன்னே பூவன்"ன்னு அவங்க சொல்ல, கடைசில இவன் ஏமாந்துட்டேன்னு நெனச்சுட்டு வந்திருக்கான்.

யாரும் ஏமாத்தல. கேரளாவுல பூவன்னா அது நம்ம ரஸ்தாளி. நம்ம பூவன் வேணும்னா பாளையங்கோடன்னு கேக்கணும். நம்ம ஏலக்கி அங்க ஞாலிப்பூவன். இதெல்லாம் தெரிஞ்ச எங்களுக்கே சில சமயம் நாக்கு புரளும், செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பேரு இந்தப் பக்கம் ஒரு பேருன்னு, ஆனா வாழைக்கு அது தெரியுமா, பாளையங்கோடனும் பூவனும் ஜீன்ல பாத்தா ஒரே ஆளு. ரெண்டு எடத்துலயும் "பூவன்"னு பேரு வாங்குன ரெண்டு பழமும் வேற வேற ஆளு.

அன்னிக்கு அவனுக்கு இதச் சொல்லிப் புரியவைக்க ஆரம்பிச்சது எங்கெங்கயோ போயிருச்சு, ராத்திரி திண்ணைல கொசு கடிக்கக் கடிக்கப் பேசிட்டு இருந்தோம். நான் படிச்சது பாட்டனி, இப்ப பாக்கறது நார் மில்லுல கணக்கு. படிச்சதுல ஒட்டிட்டு இருக்கறது கொஞ்சம்தான், ஆனா அதுல பாதி இந்த ரகம், இனம், கலப்பு விசயந்தான், தோட்டத்துல தெனமும் கண்ணுல படறதால மறக்கல போல. அத எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

வாழையில இருந்தே ஆரம்பிக்கறேன். நாம திங்கற வாழை எதுக்கும் வெதை இல்ல, யோசிச்சுப் பாத்திருக்கீங்களா. காட்டு வாழைல மொளகு மாதிரி கருப்பு வெதை பல்லுல கடிபடும். காட்டு வாழைல ரெண்டு இனம் முக்கியம், மூசா அக்யூமினேட்டா, மூசா பால்பிசியானா. மொதலாவத ஏ-ன்னு வச்சுக்குவாங்க, ரெண்டாவத பி. ரெண்டும் தனித்தனி இனம், ஆனாலும் கலந்துச்சு. ஏலக்கி ஏ பி, ஆளுக்குப் பாதி. நேந்திரன், பூவன், ரஸ்தாளி மூணும் ஏ ஏ பி. மொந்தன், கற்பூரவல்லி ஏ பி பி. செவ்வாழையும் மோரிஸும் ஏ ஏ ஏ, அதுல பி கலப்பே இல்ல. அதாவது சட்டில வறுத்த நேந்திரன் சிப்ஸ்ங்கறது ரெண்டு இனத்துக்குப் பொறந்த புள்ள.

இந்த எழுத்து ஒவ்வொண்ணும் ஒரு செட்டு குரோமோசோம், ஜீனச் சுமக்கற இழைங்க. ஒரு செட்டுக்கு 11, மூணு செட்டுன்னா 33. மகரந்தம், கருமுட்டை எல்லாம் உண்டாகறப்ப ஜோடி ஜோடியா சேந்து ரெண்டா பிரியணும், 33அ எப்படிங்க சரிபாதியா பிரிப்பீங்க. பிரிய முடியாம தகராறு ஆகித்தான் வெதை உண்டாகறதில்ல. அதனாலதான் பக்கக்கன்னு பேத்து நடறோம். எங்கப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, காலத்துப் பூவன் தூரும் இப்ப நான் வச்சிருக்கற பூவன் தூரும் அம்மா புள்ளன்னு கூடச் சொல்ல முடியாது, அதேதான் இது. ஒரே செடி தொண்ணூறு வருசமா தோட்டத்துல நடந்துட்டு இருக்கு.

இதுல வர்ற வினை என்னன்னா, ஒண்ணுக்கு வந்தது எல்லாத்துக்கும் வரும். ரஸ்தாளிக்கு வாடல் நோய் வந்த தோட்டத்தப் பாத்தவங்களுக்குத் தெரியும், தண்டு கீறிப் பாத்தா உள்ள செம்பழுப்புக் கோடு ஓடும், வரிசையா சாயும், ஒண்ணு தப்பிக்காது. பக்கத்துலயே பூவன் ஜம்முன்னு நிக்கும், அதுவும் ஏ ஏ பி தான், ஆனா அதுக்கு அந்தப் பூஞ்சைய தாங்கற சக்தி இருக்கு. உலக லெவல்ல இது குரோ மிஷல்ங்கற ரகத்துக்கு நடந்துச்சு, 1950கள் வரைக்கும் வெளிநாட்டுல கடைக்கு வந்த பழம் முக்கால்வாசி அதுதான், இதே வாடல் நோயோட ஒரு வகை வந்து மத்திய அமெரிக்கால தோட்டம் தோட்டமா காலி. அப்பறம் கேவண்டிஷுக்கு மாறுனாங்க, நம்ம மோரிஸோட சொந்தக்காரன். இப்ப கேவண்டிஷையும் விழுத்தாட்டற புது வகை டிஆர்4ன்னு ஆசியால கெளம்பி, இந்தியாவுல பீகார் பக்கம் வரைக்கும் வந்தாச்சு.

கன்னுல மாத்தமே வராதான்னு மாமா பையன் கேட்டான். வரும், ஆனா அபூர்வம். எங்க தொட்டிக்குப் பக்கத்துல செவ்வாழை வச்சிருந்தோம், அதுல ஒரு வருசம் ஒரு கன்னு மட்டும் தண்டு, மட்டை, காய் எல்லாம் பச்சையா வந்துச்சு. அம்மா யாரோ கண்ணு வச்சுட்டாங்கன்னாங்க. செவ்வாழை அப்பப்ப பச்சைக்குத் திரும்பறது உலகம் பூரா தெரிஞ்ச விசயம், ஜீன்ல சின்னதா ஒரு எடத்துல நடக்கற மாத்தம். வெட்டிக் கெடாசாம விட்டோம், பழம் தின்னா ருசி அதேதான்.

இப்ப தென்னைக்கு வரேன், எங்க வீட்டுக் கதையே அதுதான்.

வாழைல ரெண்டு இனம் சேந்து ஒரே அச்சுல வாத்த மாதிரி ஆயிரக்கணக்குல நிக்குதுன்னா, தென்னை நேர் தலகீழ். தென்னை பூரா ஒரே இனம், கோகோஸ் நியூசிஃபெரா, அந்தப் பேரினத்துல அது ஒத்தைக்கு ஒண்ணு, கூடப்பொறந்தவங்க கூட கெடையாது. ஆனா அந்த ஒண்ணுக்குள்ள இருக்கற வித்தியாசம் இருக்கே. நெட்டை, குட்டை, பச்சை, மஞ்சள், செவ்விளநீ, உருண்டை, நீட்டம், கள்ளு நெறய விடறது, பாளையத் தொட்டாலே காஞ்சு போறது.

நெட்டைக்கும் குட்டைக்கும் உண்மையான வித்தியாசம் உசரம் இல்லீங்க, கல்யாணம் பண்ற மொறை. நெட்டைல ஒரு பாளை வெடிச்சா மொதல்ல ஆம்பளப் பூ எல்லாம் பூத்து உதிந்து முடிஞ்சிரும், அதுக்கப்பறந்தான் பொம்பளப் பூ, அதாவது குரும்பை, தயாராகும். அப்ப அதே பாளைல மகரந்தம் இருக்காது, வெளில இருந்துதான் காத்தும் தேனீயும் கொண்டாரணும். குட்டைல ரெண்டும் ஒரே நேரத்துல தயாரா இருக்கறதால தனக்குத் தானே முடிஞ்சுக்கும். எங்க பக்கம் அத்தை புள்ள மாமன் புள்ள கட்டறதயே டாக்டருங்க ஒரு மாதிரியாப் பாக்கறாங்க, குட்டைத் தென்னை அதுக்கும் மேல போய் தன்னையே கட்டிக்கற சாதி. அதனால குட்டையோட பிள்ளைங்க எல்லாம் ஒரே சாடையா இருக்கும், நெட்டையோட பிள்ளைங்க ஆளுக்கொரு சாடை.

இது தெரியாம எங்கப்பா ஒரு வேலை பண்ணுனாரு. நான் ஸ்கூலு போய்ட்டு இருந்தப்ப ஆறு ஹைபிரிட் பிள்ளை வாங்கிட்டு வந்து வாய்க்கா ஓரமா வச்சாரு, குட்டை தாய், நெட்டை தகப்பன். அதுல ஒண்ணு, மூணாவதா நின்னது, நாலாம் வருசம் பாளை விட்டு அஞ்சாம் வருசமே குலை குலையா எறக்குச்சு. காய் வாங்க வர்ற ஏவாரி கூட அந்த மரத்துக்கிட்ட நின்னு ஒரு நிமிசம் அண்ணாந்து பாத்துட்டுத்தான் போவாரு. அப்பா என்ன பண்ணுனாருன்னா, காசு குடுத்து ஏன் நாத்து வாங்கணும், இந்த மரத்துக் காயே போட்டுருவோம்னு அதுல இருந்து நாப்பது நெத்து எடுத்துப் பதியம் போட்டு, முப்பத்திமூணு மொளச்சு, அத்தனையும் தெக்கால அரை ஏக்கர்ல வரிசை போட்டு நட்டாரு.

அப்பாரு அப்ப இருந்தாரு. கயித்துக் கட்டில்ல உக்காந்துட்டு, "நீ தாயி நல்லாருக்குன்னு பாக்கற, அது ஆத்தா ஒரு ஊரு அப்பன் ஒரு ஊருடா கண்ணு, இதுக்கு என்னத்தப் பொறக்கும்னு உனக்கெப்படித் தெரியும்"னாரு. அப்பா கேக்கல.

முப்பத்திமூணும் முப்பத்திமூணு தினுசு. ஒண்ணு நாலு வருசத்துல பாளை விட்டுச்சு, ஒண்ணு எட்டு வருசம் ஓலைய மட்டும் ஆட்டிட்டு நின்னுச்சு. ஒண்ணு குட்டையா இருந்து காய் எலுமிச்சங்காயவிடக் கொஞ்சம் பெருசு, ஒண்ணு நெடுநெடுன்னு போய் பத்துக் காய்க்கு மேல புடிக்காது, ஒண்ணுக்கு காய் செவப்பு கலந்த மஞ்சள். நல்ல மரம்னு சொல்லிக்கற மாதிரி ஏழெட்டு இருக்கும். அந்த அரை ஏக்கர எங்க வீட்ல இன்னிக்கும் "மியூசியம்"னுதான் சொல்லுவோம்.

காலேஜுல இதப் படிக்கறப்பதான் எனக்கு அப்பாரு சொன்னது ஒறச்சுது. தென்னைக்கு 16 ஜோடி குரோமோசோம். அந்த ஹைபிரிட் மரத்துல ஒவ்வொரு ஜோடிலயும் ஒண்ணு குட்டைத் தாயோடது ஒண்ணு நெட்டை அப்பனோடது. அது தன் பிள்ளைக்குக் குடுக்கறப்ப ஒவ்வொரு ஜோடில இருந்தும் ஒண்ணத்தான் குடுக்கும், எத குடுக்கும்னு பூவா தலையா கணக்கு. பதினாறு தடவ காசு சுண்டுனா 65,536 விதம் வரும். அதுவும் ஜோடிக்குள்ள துண்டு துண்டா மாத்திக்கறத சேக்காம. மொதத் தலைமொறைல ஒண்ணா கைகோத்து நின்ன நல்ல கொணமெல்லாம் ரெண்டாம் தலைமொறைல சீட்டுக்கட்டக் கலச்சுப் போட்ட மாதிரி ஆளுக்கொண்ணா போயிரும். அதனாலதான் ஹைபிரிட்ட வருசா வருசம் புதுசா கலந்து உண்டாக்கணும், அதுலயே வெதை எடுக்கக் கூடாது. உலகத்துலயே மொதமொதல்ல நெட்டை குட்டை கலப்புத் தென்னைய பண்ணுனது 1930கள்ல நம்ம மலபார் பக்கம் நீலேஸ்வரத்துல, படேல்ங்கற விஞ்ஞானி, இது எங்க தோட்டத்துல இருந்து ட்ரெயின் புடிச்சா ஒரு ராத்திரிப் பயணம். அப்பாவுக்கு இதெல்லாம் சொன்னப்ப "அப்பவே சொல்றதுக்கென்ன"ன்னாரு, நான் அப்ப ஏழாங்கிளாஸ்.

இன்னொரு தடவ வேற மாதிரி அடி வாங்குனோம். நாலு வருசம் முன்ன ஒரு நர்சரில, எங்கன்னு சொல்ல வேண்டாம், ஹைபிரிட்டுன்னு சொல்லி இருவது நாத்து எறக்குனாங்க. செவ்விளநீ குட்டை தாய்ன்னாங்க. அப்படின்னா பாக்கறதுக்கு ஒரு சுளுவான வழி இருக்கு, நாத்தோட மட்டைக் காம்பு நிறத்தப் பாக்கணும். தாய் தனக்குத் தானே முடிஞ்சிருந்தா காம்பு அப்படியே ஆரஞ்சா இருக்கும், நெட்டை மகரந்தம் விழுந்திருந்தா தவிட்டு நிறம் அடிக்கும். எறக்குன இருவதுல பதிமூணு பளிச்சுன்னு ஆரஞ்சு. ஹைபிரிட்டுன்னு வெல குடுத்து வெறும் குட்டைய வாங்கியிருக்கோம். போன் பண்ணுனா "வளந்தா மாறிருமுங்க"ன்னாங்க. மாறவே மாறாது. எளநிக்கு ஆகும்னு மனசத் தேத்திட்டு வேலியோரமா வச்சோம்.

இந்த செவ்விளநீ குட்டைக்கு ஊரு பேரு சாவக்காடு, நம்ம திருச்சூர்ப் பக்கத்து சாவக்காடேதான். ஆனா 2011ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, உலகம் பூரா இருந்து 1300க்கு மேல தென்னைகளோட டிஎன்ஏவ எடுத்துப் பாத்தாங்க. தென்னை ரெண்டே பெரிய கூட்டம், இந்தியப் பெருங்கடல் கூட்டம் ஒண்ணு, பசிபிக் கூட்டம் ஒண்ணு, ரெண்டு எடத்துல மனுசன் தனித்தனியா வளக்க ஆரம்பிச்சிருக்கான். நம்ம நெட்டையெல்லாம் இந்தப் பக்கத்தது, குட்டை ரகங்க பெரும்பாலும் பசிபிக் கூட்டத்துச் சாடை. இங்கயும் அதே பேருக் கோளாறுதான் பாருங்க, பேரு சாவக்காடு, ரத்தம் கெழக்குக் கடல். அப்பாரு "ஆத்தா ஒரு ஊரு அப்பன் ஒரு ஊரு"ன்னு சொன்னது இவ்வளவு தூரத்துக்கு இருக்கும்னு அவருக்கே தெரியாது.

இதச் சொல்லிட்டு இருக்கறப்ப மாமா பையன் ஒரு நல்ல கேள்வி கேட்டான், சரி, ஒரே இனத்துக்குள்ள இத்தன வித்தியாசம்னா எந்த எடத்துல இது வேற இனம் ஆகுதுன்னு.

எங்க வீட்டு மொட்டை மாடிக்குப் போனா பதில் தெரியும், நெசமாவே சொல்றேன். மழை பேஞ்சு மானம் வெளுத்த காலைல வடக்க பாத்தா நீலகிரித் தொடர்ச்சி, தெக்க பாத்தா ஆனைமலை, நெல்லியாம்பதி. நடுவுல நாங்க. பாலக்காட்டுக் கணவாய்ங்கறது நமக்கெல்லாம் ஒரு வாசல், ஆடி மாசக் காத்து அதுல தான் பொள்ளாச்சி உடுமலைக்கெல்லாம் போகுது, சாரல் அதுலதான் போகுது, லாரி, பஸ்ஸு, ட்ரெயினு, எளநி லோடு எல்லாம் அதுலதான். ஆனா மலை உச்சிச் சோலைல மட்டுமே வாழற ஒரு குருவிக்கு இந்த முப்பது சொச்சம் கிலோமீட்டர் சமவெளி ஒரு கடல் மாதிரி. கீழ எறங்குனா சூடு, சோலை இல்ல, மறைய எடமில்ல. அதனால தாண்டறதே இல்ல.

தாண்டாம இருந்தா என்ன ஆகும்னா, அங்க வர்ற மாத்தம் இங்க வராது, இங்க வர்றது அங்க போகாது. அந்தந்த மலைக்குள்ளயே கலந்து கலந்து, லட்சக்கணக்குல வருசம் போனா ரெண்டும் தனித்தனி ஆளு. சோலைல தரையோரமா தத்தித் திரியற நீலக் குருவி ஒண்ணு இருக்கு, ரொம்ப காலமா வேற பறவைகளோட பேரினத்துல சேத்து வச்சிருந்தாங்க. டிஎன்ஏ பாத்தப்பறம் இது அதுகளோட சொந்தமே இல்லன்னு தெரிஞ்சு 2017ல புதுசா ஒரு பேரினமே உண்டாக்குனாங்க, அதுக்கு வச்ச பேரு சோலிகோலா. நம்ம "சோலை"தாங்க அது, சோலைல குடியிருக்கறதுன்னு அர்த்தம். கணவாய்க்கு வடக்க நீலகிரில இருக்கறது ஒரு இனம், தெக்க ஆனைமலை பழனில இருக்கறது ஒரு இனம், இன்னும் தெக்க செங்கோட்டை ஆரியங்காவு கணவாயையும் தாண்டி அசம்பு மலைல இருக்கறது இன்னொண்ணு, அதுக்கு அந்த வருசந்தான் மொதமொதல்ல தனி இனம்னு பேரே கெடச்சுது. மேல பாக்கறவனுக்கு மூணும் நீலக் குருவி. இடையில நிக்கற நம்ம கணவாய்தான் அதுகள பிரிச்சு விட்டது.

யானை அப்படி இல்ல, அது நடக்கும், சமவெளிக்கும் வரும். ஆனாலும் 2005ல வந்த ஆராய்ச்சில நீலகிரிப் பக்கத்து யானைங்களும் ஆனைமலை, பெரியாறு யானைங்களும் ஜீன்ல வித்தியாசமா இருந்துச்சு, பாலக்காட்டுக் கணவாய் யானைக்குமே ஒரு தடுப்பா இருந்திருக்கும்னாங்க. செங்கோட்டைக் கணவாய் சின்னது, அது யானைக்குத் தடுப்பா இருந்ததா அந்த ஆராய்ச்சில தெரியல. அதுக்காக ரெண்டும் வேற வேற இனம்னு ஆகிராது, ரெண்டும் ஆசிய யானைதான், ஒரு இனத்துக்குள்ள விழுந்த கோடு, அவ்வளவுதான். தலைமொறைக்கு ஒரு கொம்பன் தாண்டுனாலே அந்தக் கோடு மங்கிரும். யானைல பெரிய கோடு வேற எடத்துல இருக்கு. ஆப்பிரிக்கால புல்வெளி யானையும் காட்டு யானையும் ஒண்ணுன்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தாங்க, பாத்தா அதுங்க ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம் நம்ம ஆசிய யானைக்கும் செத்துப்போன மாமூத்துக்கும் நடுவுல இருக்கற தூரம் அளவுக்கு இருக்கு. நம்ம யானைக்கு ஆப்பிரிக்க யானைய விட மாமூத்துதான் கிட்டத்துச் சொந்தம், இத கேட்டப்ப மாமா பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

வரையாட்டுக்கும் இப்படி ஒரு கதை. இமயமலை, அரேபியா, நீலகிரி மூணு எடத்து வரையாடும் ஒரே பேரினம்னு வச்சிருந்தாங்க, ஒரே மாதிரி இருக்கறதால. 2005ல பாத்தா மூணும் மூணு தெசை, நம்ம வரையாடு செம்மறிக்குக் கிட்ட வருது. நீல்கிரிட்ராகஸ்னு தனிப் பேரினம் குடுத்தாங்க. கண்ணுக்கு ஒண்ணா தெரியறது ஒண்ணு இல்ல, பூவன் கதையேதான்.

ஆக அவன் கேட்ட கேள்விக்கு, இந்த எடம்னு ஒரு கல்லு நட்டு வைக்கல யாரும். ஒண்ணோட ஒண்ணு சேந்து, பொறக்கற புள்ளயும் புள்ள பெத்துக்கற மாதிரி இருந்தா ஒரே இனம்னு பாடப் புஸ்தகத்துல இருக்கும், எர்ன்ஸ்ட் மேயர் 1942ல சொன்ன மாதிரி. பெரும்பாலும் சரிதான். ஆனா ஏலக்கிப் பழத்தக் கைல வச்சுட்டு அதப் படிச்சா சிரிப்பு வரும், ரெண்டு இனமும் சேந்தாச்சு, புள்ள பெத்துக்க முடியல, ஆனா மனுசன் கன்னு பேத்து நட்டு நட்டு சந்தைக்குச் சந்தை வாழ வச்சிட்டான்.

மனுசங்களப் பத்திக் கொஞ்சம். பொள்ளாச்சில எங்கள "மலையாளத்துக்காரங்க"ம்பாங்க, பாலக்காடு டவுனுக்குப் போனா "பாண்டி"ம்பாங்க, ரெண்டு எடத்துலயும் கேட்டுக் கேட்டுக் காது காச்சுப் போச்சு. எந்த ரெண்டு மனுசன எடுத்தாலும் டிஎன்ஏல ஆயிரம் எழுத்துக்கு ஒரு எழுத்துதான் மாறும். மொத்தம் 300 கோடி எழுத்து, அதுல 30 லட்சம் சொச்சம். லெவன்டின்னு ஒரு விஞ்ஞானி 1972ல ரத்த குரூப்பு, புரதம் இதெல்லாம் வச்சுக் கணக்குப் போட்டாரு, மனுசனுக்குள்ள இருக்கற மொத்த வித்தியாசத்துல 85 சதவீதம் ஒரே கூட்டத்துக்குள்ளயே இருக்கு, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவுல இருக்கறது மிச்சம் மீதி. அப்பறம் டிஎன்ஏவயே படிச்சுப் பாத்தப்பவும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான் வந்துச்சு. செக்போஸ்ட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற வித்தியாசத்த விட எங்க தெருக்குள்ள இருக்கற வித்தியாசம் அதிகம், எங்க தெரு பஞ்சாயத்தப் பாத்தவங்க ஒத்துக்குவாங்க. சிம்பன்சி எண்ணிக்கைல எவ்வளவோ கம்மி, ஆனா ரெண்டு சிம்பன்சிக்குள்ள இருக்கற வித்தியாசம் ரெண்டு மனுசனுக்குள்ள இருக்கறத விட அதிகம். நாம கொஞ்சப் பேர்ல இருந்து சீக்கிரமா பெருகுன கூட்டம், அதான்.

இப்ப ஏன் இதெல்லாம் தலைக்குள்ள ஓடிட்டே இருக்குன்னா, எங்க தோப்புக்கு வாடல் வந்திருச்சு.

கேரள வேர் வாடல்னு சொல்லுவாங்க. 1882ல ஈராட்டுபேட்டைல மொதல்ல பாத்தது, ஒரு பெரிய வெள்ளத்துக்கப்பறம். தெக்கு கேரளாவ எல்லாம் தின்னுட்டு மெதுவா மெதுவா இந்தக் கணவாய்ல ஏறி இப்ப பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் மரம் மரமா வெட்டறாங்க. பைட்டோபிளாஸ்மான்னு செல் சுவரே இல்லாத ரொம்பச் சின்ன பாக்டீரியா ஒண்ணு, சாறு உறிஞ்சற பூச்சி கொண்டாந்து விடும். மரம் ஒடனே சாகாது, அதுதான் கொடுமை. ஓலையோட கீத்து உள்பக்கமா வளஞ்சு வெலா எலும்பு மாதிரி ஆகும், மஞ்சளாகும், ஓரம் கருகும், பாளை கருகும், காய் வருசா வருசம் கொறயும். மருந்து இல்ல. எங்க மியூசியத்துல முப்பத்திமூணுல பதினொண்ணு வெட்டியாச்சு, அப்பாவோட அந்த மூணாவது ஹைபிரிட்டும் போன தை மாசம் போச்சு, வெட்டறன்னிக்கு அவரு தோட்டத்துப் பக்கமே வரல.

ஆனா எல்லாம் ஒண்ணு போல விழல, அதத்தான் சொல்ல வந்தேன். வாழையா இருந்திருந்தா வரிசையா விழுந்திருக்கும். இங்க நோய் பிடிச்ச ரெண்டு மரத்துக்கு நடுவுல ஒண்ணு பச்சையா நிக்குது. காயங்குளத்துல இருக்கற தென்னை ஆராய்ச்சி நெலயத்துக்காரங்க வருசக்கணக்கா பண்றதே இதுதான், நோய் முழுசா அடிச்ச தோட்டத்துக்குள்ள போய் தப்பிச்ச மரத்தத் தேடறது. அத டெஸ்ட் பண்ணி உள்ள கிருமி இல்லன்னு பாத்து அதுலருந்து வெதை எடுக்கறது. கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்பசங்கரா எல்லாம் அப்படி வந்த ரகங்கதான். அப்பா மியூசியத்த அழிச்சுட்டு ஒரே ரகமா போடலாம்னு நானே எத்தன தடவ சொல்லியிருக்கேன், இப்ப வாயே தொறக்கறதில்ல.

எங்க கெணத்து மேட்டுல ஒரு நெட்டை இருக்கு, அப்பாரோட அப்பா வச்சது. அப்பாரு வெதைக்காய் எடுத்தா அதுலதான் எடுப்பாரு. கொண்டை கொடை மாதிரி விரிஞ்சிருக்கணும், குலைக்காம்பு குட்டையா கெட்டியா இருக்கணும், காய் உருண்டையா இருக்கணும், காய மேல இருந்து போடக் கூடாது கயித்துல கட்டி எறக்கணும்னு அவருக்கு ஆயிரம் சட்டம். அது சுத்தி நாலு மரம் வாடல்ல போயிருச்சு, இது ஓலை நேரா நிக்குது. நாளைக்கு விழாதுன்னு எந்த கேரண்டியும் இல்ல, டெஸ்ட்டும் பண்ணல, ஆராய்ச்சி நெலயத்துக்கு எழுதியிருக்கோம். அதுக்குள்ள சும்மா இருக்க முடியாம வைகாசில மரம் ஏறற அண்ணனக் கூட்டிட்டு வந்து, கயித்துல கட்டி, இருவத்தியாறு நெத்து எறக்கி மணல்ல பதிச்சேன். தாய் யாருன்னு தெரியும். தகப்பன் யாருன்னு கேட்டா, நெட்டைதானே, எந்த மரத்து மகரந்தத்த எந்தத் தேனீ கொண்டாந்துச்சோ.

பத்தொம்பது மொளச்சிருக்கு. சீக்கிரமா மொளச்சதுக்கு நான் சுண்ணாம்புல பொட்டு வச்சிருக்கேன், லேட்டா வந்தது வீரியம் இருக்காதுன்னு அப்பாரு சொல்லுவாரு, ஆராய்ச்சிக்காரங்களும் அதையேதான் சொல்றாங்க. நேத்து சாயங்காலம் தண்ணி ஊத்தறப்ப குனிஞ்சு ஒவ்வொண்ணாக் காம்பப் பாத்துட்டு வந்தேன், பதினெட்டு பச்சை, நாலாவது வரிசைல ஒண்ணு மட்டும் தவிட்டு நிறம். வேலியோரத்துல நிக்குதே, நர்சரிக்காரங்க ஏமாத்திக் குடுத்த செவ்விளநீ, அதுங்க போன வருசந்தான் மொதப் பாளை விட்டுச்சு.

அப்பாவக் கூப்புட்டுக் காட்டுனேன். கண்ணாடியப் போட்டு நல்லா உத்துப் பாத்துட்டு, "அந்த வேலியோரத்துப் பய வேலையா இது"ன்னுட்டு, அதுக்கு மட்டும் ரெண்டு கை தண்ணி சேத்து ஊத்திட்டுப் போனாரு.